இரண்டு ஏர்போர்ட்டும் நடுவில் ஒரு மலையும்

என் வயிற்றுக்கும் கொண்டை ஊசி வளைவுக்கும் ஆகவே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கில் குற்றவாளி பிடிபட்டதற்கு என் வயிறும் ஒரு காரணம். பின்னால் அந்தப் பெருமையை யாரும் எனக்குத் தரப்போவதில்லை.

பெயர் இசக்கிமுத்து. பிறந்தது திருநெல்வேலிச் சீமையின் சமதரையில். பிழைப்பது குன்னூர் பெட்போர்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், 'மரகதம் துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிய ஒற்றை அறையில். மரகதம் அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். ஊரார் பேசியதையெல்லாம் கேட்டுக் கேட்டு, மனிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட எந்த வார்த்தையில் சொல்கிறார்கள் என்பதில்தான் அவருக்குக் காது. நான் அவருடைய உதவியாளன். திட்டு வாங்குவதும் அந்தப் பதவியில் அடக்கம்.

வியாழக்கிழமை காலை தரணிதரன் வந்தார். குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் மயில்பாறைத் தேயிலை எஸ்டேட்டை நடத்துகிறவர். முப்பத்தெட்டு வயது, மடிப்புக் கலையாத சட்டை, பேக்கரி வாசனையைக்கூட மூக்கைச் சுளித்துத்தான் அனுபவித்தார். அவர் எங்களிடம் கேட்ட மாதிரி ஒரு வேலையை இதுவரை யாரும் கேட்டதில்லை. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், போக எவ்வளவு நேரம் என்று விசாரித்து, கையெழுத்துப் போட்டு அறிக்கை தர வேண்டும். அவ்வளவுதான்.

காரணத்தையும் அவரே சொன்னார். போன சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு எஸ்டேட் ஆபீஸில் தீப்பிடித்தது. எரிந்ததில் முக்கியமானது லயம் என்கிற தொழிலாளர் வரிசைவீடுகளின் பதிவேடு. எந்த லயத்தில், எந்த அறையில், எந்தக் குடும்பம், எந்த வருடத்திலிருந்து குடியிருக்கிறது என்பதற்கு இருந்த ஒரே புத்தகம். முப்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு அதை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது. ஆபீஸ் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று தரணிதரனிடம், மற்றது வாட்ச்மேன் எல்லப்பனிடம். பூட்டு உடையவில்லை. தரணிதரன் ஊரில் இல்லை. ஆகவே எல்லப்பன் குன்னூர் கிளைச் சிறையில் இருந்தார். திங்கள்கிழமை கோர்ட்.

தொழிலாளர் பக்கத்து வக்கீல் ஒருவர் மட்டும், தன் வீட்டு ஆதாரத்தைத் தானே எவன் எரிப்பான் என்று கேட்டுவிட்டார். லயம் இருக்கும் இடத்தில் ரிசார்ட் கட்டத் திட்டம் போட்டிருப்பவர் யார் என்றும் கேட்டார். அந்தக் கேள்வி தரணிதரனை உறுத்தியது.

"நான் அன்னிக்கு ஒரே நாள்ல ரெண்டு ஏர்போர்ட் போனேனுங்க மேடம்," என்றார் அவர். "காலையில மாமாவை கோயமுத்தூர்ல சென்னை பிளைட் ஏத்திவிட்டேன். சாயங்காலம் துபாயில இருந்து வந்த மச்சானை கோழிக்கோட்டுல கூட்டிக்கிட்டேன். நடுவுல தீ வைக்க எனக்கு ஏதுங்க நேரம்?"

மேசையில் இரண்டு பார்க்கிங் சீட்டுகளை வைத்தார். கோவை விமான நிலையத்தை விட்டு வெளியேறியது காலை 9.10. கோழிக்கோடு விமான நிலையத்துக்குள் நுழைந்தது மாலை 5.00. கூடவே இணையத்தில் எடுத்த ஒரு பக்கமும் இருந்தது. இரண்டு விமான நிலையங்களுக்கும் ஆகாய வழியில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பறந்தால் நாற்பது நிமிடம். பாலக்காடு வழியாகச் சாலையில் போனால் நூற்றெழுபது, நாலரை மணி நேரம் என்று அதில் போட்டிருந்தது.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நேராகப் பறக்கிற விமானமே இல்லையே, அந்த நாற்பது நிமிடம் யாருக்கு என்று கேட்டேன். காக்காய்க்கு என்றார் அக்கா. தரணிதரன் சிரிக்கவில்லை. பாலக்காட்டில் சாப்பிட்டு, மரத்தடியில் வண்டியைப் போட்டுத் தூங்கி, மெதுவாகப் போனதாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் மனோகரன் இதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டாராம். வக்கீலின் வாயை அடைக்க வெளியாள் ஒருவரின் கையெழுத்து வேண்டும்.

"செஞ்சுடலாமுங்க," என்றார் அக்கா. "தூரம்தானே. அளந்துட்டாப் போச்சு."

*

அளப்பதற்கு முன்னால் ஜெகதளா போனோம். ஆபீஸில் கரி வாசனை இன்னும் போகவில்லை. குமாஸ்தா ரேணுகா வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். தீப்பிடித்த நேரத்தில் அவள் ஃபேக்டரியில் இலை எடை போடும் இடத்தில் இருந்திருக்கிறாள். வந்து பார்த்ததும் தரணிதரனுக்குப் போன் போட்டிருக்கிறாள். ஆறு தடவையும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. இரண்டு இருபத்தைந்துக்கு அவரே கூப்பிட்டிருக்கிறார்.

ரேணுகாவிடம் எப்போதும் கையோடு வைத்திருக்கும் ஒரு போன் நோட்டு இருந்தது. எஸ்டேட்டுக்கு வருகிற ஒவ்வொரு அழைப்பையும் நேரத்தோடு எழுதி வைப்பாள். சுருக்கி எழுதத் தெரியாது. சொன்னது சொன்னபடியே எழுதுவாள். மேனேஜர்கள் இதற்காக அவளைப் பலமுறை கேலி செய்திருக்கிறார்களாம். அக்கா அந்த நோட்டை ஏதோ கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆசையாக வாங்கிப் படித்தார். சனிக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருந்தது:

'2.25. சார் பேசினார். கீழ எறங்கிட்டு இருக்கேன், சிக்னல் போயிரும், சீக்கிரம் சொல்லு. தீப்பிடித்ததைச் சொன்னேன். எல்லப்பன்கிட்ட சாவி இருந்துச்சில்ல என்று கேட்டார். பிறகு ஏய் ஏய் விடு என்றார். கட் ஆகிவிட்டது.'

"ஏய் விடுன்னு யாரைச் சொன்னாரு?" என்று அக்கா கேட்டார்.

"என்னையத்தான் திட்டறாருன்னு நெனச்சேனுங்க்கா," என்றாள் ரேணுகா. "வழக்கமா அப்பிடித்தானுங்க."

லயத்துக்குப் போகிற வழியில் எல்லப்பனின் மனைவி மருதாயி எங்களை நிறுத்தினார். அறுபதை நெருங்கும் வயது. இலங்கை எஸ்டேட்டிலிருந்து கப்பலில் வந்தவர். பேச்சில் அந்த ஊர் இன்னும் இருந்தது. சனிக்கிழமை எல்லப்பன் கீழ்க்காட்டில் இறங்கிய காட்டெருமையை விரட்டப் போயிருந்தாராம். அதற்குச் சாட்சி காட்டெருமை மட்டும்தான். இந்த மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மருதாயி அழவில்லை, அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தொரைமாருக்கு எடம் வேணுமின்னா கேக்கட்டும்," என்றார். "பேர எரிச்சிப்புட்டா நாங்க எங்க இருந்தோமின்னு எதக் காட்டுறது? அவரு ஜெயில்ல, நாங்க ரோட்டுல. அம்புட்டுத்தான்."

காரில் ஏறியதும் அக்கா இரண்டு பார்க்கிங் சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தார். பிறகு, நாளைக்கு வயிற்றுக்கு ஒன்றும் சாப்பிடாமல் வா என்றார். எனக்கு அப்போதே வயிறு கலங்கியது.

*

வெள்ளிக்கிழமை காலை சரியாக 9.10க்குக் கோவை விமான நிலையத்திலிருந்து கிளம்பினோம். வண்டியை ஓட்டியது அக்கா. வாசலில் இடது பக்கம் பாலக்காடு என்று நான் கை காட்டினேன். அக்கா மேட்டுப்பாளையம் பக்கம் திருப்பினார்.

கோழிக்கோட்டுக்குப் போக எவனாவது ஊட்டி மலை ஏறுவானா என்று கேட்டேன். ஒரு சமவெளியிலிருந்து இன்னொரு சமவெளிக்குப் போக நடுவில் ஒரு மலையை ஏறி இறங்குவது, பக்கத்து வீட்டுக்குக் கூரை வழியாகப் போவது போலத்தான். இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்றார் அக்கா. இணையத்தைக் கேட்டால் அது இருப்பதில் நல்ல வழியைச் சொல்லும். தீ வைக்கப் போகிறவனுக்கு எது வழி என்று அதனிடம் யாரும் கேட்பதில்லை.

பர்லியாறில் ஒரு தடவை, காட்டேரியில் ஒரு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னேன். அப்படியும் ஜெகதளா ஆபீஸ் வாசலில் நின்றபோது மணி 11.34. தீப்பிடித்தது 11.40. ஆறு நிமிடத்தில் ஒரு தீக்குச்சி கிழிக்க எனக்கே முடியும்.

அங்கிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து கூடலூர். தரணிதரனின் வண்டி நீலகிரிப் பதிவு எண் கொண்டது. வெளியூர்க்காரர்களை நிறுத்தி இ-பாஸ் கேட்கிற சோதனைச்சாவடிகள் அதை ஏறிட்டும் பார்க்காது. கூடலூர் தாண்டி நாடுகாணியில் கேரளப் பக்கம் இறக்கம் ஆரம்பித்தது. எனக்குள் இறங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. அந்த நேரம் பார்த்து என் மனைவி சுகுணா போன் செய்தாள், சிலிண்டர் வந்துவிட்டது, ஓ.டி.பி. நம்பர் என்ன என்று.

"ஏட்டி, கீழ எறங்கிட்டு இருக்கேன், சிக்னல் போயிரும், பொறவு பேசுதேன்," என்றேன்.

அக்கா பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி முன்கண்ணாடிக்குப் போய்த் திரும்பியது.

"இப்ப என்ன சொன்ன?"

சிலிண்டர் நம்பர் சொல்லவில்லை என்று சொன்னேன். அது இல்லை, அதற்கு முன்னால் என்றார். திரும்பச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் உறைத்தது. ரேணுகாவின் நோட்டில் இருந்த அதே வாக்கியம்.

"கீழ இருக்கேன்னு நாம தெனமும் சொல்றோம்," என்றார் அக்கா. "குன்னூர்க்காரன் எவனும் மேட்டுப்பாளையம் தாண்டிட்டா கீழ இருக்கேன்னுதான் சொல்லுவான். கீழ எறங்கிட்டு இருக்கேன்னு எப்பச் சொல்லுவான்? காலடியில மலை இருந்தாத்தான். ரெண்டு இருபத்தஞ்சுக்கு அவரு பாலக்காட்டுல சோறு தின்னுட்டு இருந்தாருன்னா எங்கிருந்து எறங்குனாரு?"

"பெஞ்சுல இருந்தாக்கும்," என்றேன்.

காரின் கடிகாரத்தைப் பார்த்தோம். 2.22.

நாங்கள் நின்ற வளைவில் ஒரு டீக்கடை இருந்தது. 'சிக்னல் டீ ஸ்டால். இனி கீழே டவர் இல்லை' என்று தமிழிலும் மலையாளத்திலும் கையால் எழுதிய பலகை. இறங்குகிற வண்டிகள் கடைசியாக ஒரு போன் பேசிவிட்டுப் போக அங்கே நிற்குமாம். கடைக்காரர் பெயர் பிராங்ளின். கூரை மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து வருகிற வண்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தன.

வயிறு சுத்தமாகக் காலியாகிவிட்டால் எனக்குப் பசி வந்துவிடும். இரண்டு பருப்பு வடை வாங்கினேன். மலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிராங்ளின் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். அக்காவும் ஒரு வடை வாங்கினார். கடித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். வடையில் கல் இருக்கிறதோ என்று கேட்டேன். நான் கசக்கிக் கூடையில் எறிந்த காகிதத்தை அக்கா போய்ப் பொறுக்கி எடுத்தார், நீவிவிட்டார், கைப்பையில் வைத்துக்கொண்டார். குப்பை விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பா என்று நினைத்துக்கொண்டு நான் முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா பிராங்ளினோடு மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். வண்டியின் பின்பக்கம் ஒரு மஞ்சப்பை ஏறியது. பலாக்காய் என்று நினைத்தேன்.

வழிக்கடவு, நிலம்பூர், மஞ்சேரி. கோழிக்கோடு விமான நிலைய வாசலை நாங்கள் தொட்டபோது மணி 4.52.

*

சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குத் தரணிதரன் அறிக்கை வாங்க வந்தார். இன்ஸ்பெக்டர் மனோகரனைத் தானே கூட்டி வந்திருந்தார். எல்லாம் சுத்தமாக முடிய வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு அக்கறை. அக்கா முதலில் அவரிடம் ஒரு தாளை நீட்டி, அன்றைக்குப் போன வழியை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். இரண்டு இருபத்தைந்துக்கு எங்கே இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பாலக்காட்டில் சாப்பாட்டுக் கடையில் என்று அவர் அழகான கையெழுத்தில் எழுதினார். அதன்பிறகுதான் அக்கா அறிக்கையைக் கொடுத்தார்.

ஒரே வரிதான் இருந்தது. தரணிதரன் அதை வாய்விட்டே படித்துவிட்டார்.

"கோவை விமான நிலையம் முதல் கோழிக்கோடு விமான நிலையம் வரை, ஜெகதளா வழியாக, ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடம், வடை உட்பட."

மனோகரன் இருமினார். அக்கா விளக்கினார். 9.10க்குக் கிளம்பினால் தீயும் வைக்கலாம், ஐந்து மணிக்கு மச்சானுக்கு மாலையும் போடலாம். ரேணுகாவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த போன் நோட்டை எடுத்து, இறங்கிட்டு இருக்கேன் என்ற வார்த்தையையும் காட்டினார்.

தரணிதரன் கொஞ்சமும் அசரவில்லை. போக முடியும் என்பதற்காகப் போனதாக ஆகிவிடுமா என்று கேட்டார். இறங்குவது, இருப்பது எல்லாம் மலைக்காரன் வாயில் ஒன்றுதான் என்றார். ஒரு குமாஸ்தாப் பெண் எழுதிய ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் ஜட்ஜ் தமிழ் வகுப்பா எடுப்பார் என்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிரித்தார். இன்ஸ்பெக்டரும் கொஞ்சம் சிரித்தார். தரணிதரன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

"வாஸ்தவந்தானுங்க," என்றார் அக்கா. "ஒரு வார்த்தை போதாது. ஆனா நீங்க பண்ணுன தப்பு அந்த வார்த்தை இல்லீங்க. வர்க்கி."

தரணிதரன் முகத்தில் முதன்முறையாக ஒரு மடிப்பு விழுந்தது.

அக்கா நடந்ததை அடுக்கினார். தடித்த பதிவேடு லேசில் எரியாது, அட்டை கருகி உள்ளே பாதி பிழைத்துக்கொள்ளும் என்று தரணிதரனுக்குத் தெரியும். அதனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கொளுத்தினார். கேரளாவில் ஏதாவது ஆற்றில் போட்டுவிடலாம் என்பது எண்ணம். அதுவரை நல்ல புத்திதான். ஆனால் வழியில் மச்சானுக்கு ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கினார்; வாங்கியதைப் பதிவேடு இருந்த அதே பைக்குள் போட்டார். நாடுகாணியில் ஆறு மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். கண்ணாடி திறந்திருந்தது. கூரையிலிருந்து இறங்கியது வர்க்கி வாசனை தெரிந்த குரங்கு.

"ஏய் ஏய் விடுன்னு சொன்னது ரேணுகாவை இல்லீங்க," என்றார் அக்கா. "போனைக் காதுல வெச்சுக்கிட்டே கொரங்கைத் தொரத்துனீங்களாம். பிராங்ளின் சொன்னாரு. எங்களைவிட உங்களுக்கு எட்டு நிமிஷம் கூட ஆயிருக்குது. கொரங்கைத் தொரத்த அவ்வளவு நேரம் ஆகுமுங்க."

குரங்கு வர்க்கியை எடுத்துக்கொண்டு பையைப் பள்ளத்தில் வீசிவிட்டது. கிடக்கட்டும், காடு பார்த்துக்கொள்ளும் என்று இவர் கிளம்பிவிட்டார். மறுநாள் பிராங்ளின் விறகு பொறுக்கப் போன இடத்தில் உண்ணிச்செடிப் புதரில் ஒரு பெரிய புத்தகம் தொங்கியது. அவருக்கு மலையாளம்தான் படிக்க வரும். ஏதோ பழைய நோட்டு என்று முன்பக்கங்களைக் கிழித்து வடை மடிக்க வைத்துக்கொண்டார்.

அக்கா கைப்பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து இன்ஸ்பெக்டர் முன்னால் விரித்தார். ஒன்று நான் கசக்கியது. எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது, ஆனாலும் மசி கலையவில்லை. பிறகு மேசைக்கு அடியிலிருந்து மஞ்சப்பையைத் தூக்கி வைத்தார். அது பலாக்காய் இல்லை.

மனோகரன் பதிவேட்டைப் புரட்டினார். எஸ்டேட் முத்திரையைப் பார்த்தார். எல்லப்பன் எரித்ததாக அவரே முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்த புத்தகம். அட்டையில் ஒரு பொட்டு கரி இல்லை, ஆனால் நல்ல மசாலா வாசனை. பிறகு தரணிதரன் பக்கம் திரும்பினார்.

"பாலக்காட்டுல என்ன சாப்பிட்டீங்க சார்?" என்று கேட்டார்.

தரணிதரன் சற்றுமுன் கையெழுத்துப் போட்ட தாளை எடுக்கக் கையை நீட்டினார். அதன்மேல் இன்ஸ்பெக்டரின் தொப்பி ஏற்கெனவே இருந்தது.

*

திங்கள்கிழமை பிற்பகல் எல்லப்பன் வெளியே வந்தார். ஒன்பது நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கதவில் ஒட்டிய நோட்டீஸ்களை எஸ்டேட்டே கிழித்துவிட்டதாக ரேணுகா போனில் சொன்னாள். அதையும் நேரம் போட்டு எழுதி வைத்திருப்பாள்.

காகிதங்கள் சாட்சிப் பொருளாகிவிட்டதால் ஸ்டேஷனில்தான் பார்க்க முடிந்தது. மருதாயி பார்க்கவேண்டும் என்றார். மனோகரன் பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்ட தாளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். மருதாயிக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் பார்த்தார்.

"லயம் ஒன்று. அறை நாலு," என்று படித்தேன். "எல்லப்பன். மனைவி மருதாயி. குடிவந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு, ஜூன்."

"மருதாயின்னுதான் போட்டிருக்கா தம்பி?"

அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன்.

"சிலோன்ல எனக்குப் பேரே பதியல," என்றார் மருதாயி. "கப்பல்ல ஏத்தயில மாரியாயின்னு பதிஞ்சிட்டாங்க. ரேசன் கார்டுலயும் அதுதான். சரியாப் பதிஞ்சது இந்த ஒரு பொஸ்தகத்துலதான். இன்னொருக்கா வாசிங்க."

படித்தேன். எல்லப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மருதாயி உறையின் மேல் விரல் வைத்து, எது தன் பெயர் என்று கேட்டார். நான் காட்டிய இடத்தில் என் வடையின் எண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது. அதற்குச் சரியாக நடுவில் அந்தப் பெயர்.

"இன்னொருக்கா," என்றார்.

மூன்றாவது தடவையும் படித்தேன். உறைக்குள்ளிருந்து இன்னும் வடை வாசனை வந்துகொண்டிருந்தது. மதியம் சாப்பிடாதவன்தான் நான், ஆனாலும் எனக்குப் பசிக்கவில்லை.